மார்கிரட் குளிசையை ஒறுத்த தவக்காலம்

மார்கிரட்டை ஏமாற்றலாம் என்று நினைத்து வந்து மூக்குடைபட்டவர்களின் பெயரை எழுதினால், கொழும்புத்துறைக் கரையில் வள்ளம் வைத்திருக்கிற அத்தனை பேரும் அதில் இருப்பார்கள். அவளுக்கு ஐம்பத்தொரு வயது. கலியாணம் செய்யவில்லை. பேசி வந்த மாப்பிள்ளைமாரையும் நண்டைப் புரட்டுவது போலப் புரட்டிப் பார்த்துக் கழித்துவிட்டாள் என்று ஊரில் சொல்வார்கள். கழிபட்டவர்களில் இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவள் செய்தது சரிதான்.

மரியரட்ணத்தின் நண்டு வாடியில் பத்தொன்பது வருடமாக அவள்தான் தெரிவுகாரி. வாடி என்றால் கரையில் நண்டு வாங்கி ஐஸில் போடுகிற இடம், பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. தகரக் கூரை, சீமெந்து நிலம், ஐஸ் பெட்டிகள், ஒரு தராசு, ஒரு நீள மேசை. காலையில் வள்ளங்கள் கரைக்கு வந்து, வலையிலிருந்து நண்டு கழற்றி முடிந்ததும் கூடைகள் அந்த மேசைக்கு வரும். மார்கிரட் ஒவ்வொன்றாக எடுத்து, புரட்டி, வயிற்றுப் பக்கத்தை இரண்டு பெருவிரல்களாலும் அமத்துவாள். இறுக்கமாக இருந்தால் ஐஸ் பெட்டிக்குப் போகும். அமுங்கினால் உள்ளே சதை இல்லை, வெறும் தண்ணீர் என்று அர்த்தம். அது கழிவுப் பெட்டிக்கு. பிறகு மூக்கடியில் ஒருதரம் பிடிப்பாள். நேற்றைய நண்டை இன்றைய நண்டோடு கலந்து கொண்டுவருகிற கெட்டித்தனம் அந்த மூக்கிடம் ஒருநாளும் பலித்ததில்லை.

கழிக்கும்போது அவள் வாய் திறப்பதில்லை. உதட்டை ஒரு பக்கமாக இழுப்பாள், அவ்வளவுதான். ஆனால் அந்த இழுப்புக்குள் உன் வலை, உன் வள்ளம், உன் வளர்ப்பு, உன் தகப்பன் எல்லாம் அடங்கியிருக்கும். கரையில் பெரிய மனிதர் என்று திரிகிறவர்கள்கூட அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்கள். மார்கிரட்டுக்கு அவர்களில் ஒருவரிடமும் மரியாதை இல்லை. அவள் கொடுக்காத மரியாதையை அவர்கள் அவளுக்குக் கொடுத்தார்கள். அந்த மேசையில் அவள் சொல்வதுதான் சொல். வேறு சொத்து அவளுக்கு இருக்கவில்லை.

இப்படிப்பட்டவளுக்குத்தான் இரண்டு வருடத்துக்கு முதல் மனம் சோர்ந்து விழுந்தது. காரணம் என்று ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்கு மகா வெட்கம். ஷெல்லடிக்குள் ஓடியிருக்கிறாள், முகாமில் வாளியோடு வரிசையில் நின்றிருக்கிறாள், தகப்பனைக் கடலுக்குக் கொடுத்திருக்கிறாள். அப்போதெல்லாம் அசையாத மனம், ஒரு குறையும் இல்லாத காலத்தில், மின்விசிறிக்குக் கீழே இருந்து சோறு தின்றுகொண்டிருக்கையில் விழுந்தது. நித்திரை போயிற்று. சாப்பாடு வைக்கோல் மாதிரி இருந்தது. ஒருநாள் வாடியில் ஒரே நண்டைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்தாள். தலையிடி என்று சொல்லிச் சமாளித்தாள். அடுத்த கிழமை தனியாக பஸ் ஏறி ஆசுப்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குப் போனாள். ஊருக்கு பிறஷர் கிளினிக் என்று சொன்னாள். ஊர் அதை அப்படியே நம்பியது. இந்த ஊரில் யாருக்குத்தான் பிறஷர் இல்லை.

டொக்டர் மயூரதன் என்று ஒரு இளம் ஆள். முகத்தில் மீசை சரியாக முளைக்கவில்லை என்பது மார்கிரட்டின் முதல் தீர்ப்பு. ஆனால் அவர் தந்த குளிசை வேலை செய்தது. மெல்ல மெல்ல நூறு மில்லிகிராமுக்குக் கூட்டினார். நித்திரை வந்தது, பசி வந்தது. மூன்றாம் மாதம், கோயில் பங்குச்சபைத் தலைவரும் நாலு வள்ளத்துக்குச் சொந்தக்காரருமான செபநாயகம் வெள்ளைச் சேட்டோடு வாடிக்குள் வருவதைக் கண்டதும் அவளுக்குப் பழையபடி எரிச்சல் வந்தது. தான் சுகமாகிறேன் என்று அவள் அறிந்தது அன்றைக்குத்தான்.

ஒரு வருடத்துக்கு மேல் ஒழுங்காகப் போட்டாள். இந்த வருடம் தை மாதத்தில் டொக்டர் இனிக் குறைத்துப் பார்க்கலாம் என்றார். நூறிலிருந்து எழுபத்தைந்து, நாலு கிழமைக்கு. பிறகு ஐம்பது. பிறகு ஆளைப் பார்த்துத்தான் மேற்கொண்டு. குறைக்கிற நாட்களில் தலைச்சுற்று வரலாம், குமட்டல் வரலாம், கனவுகள் கூடலாம், கை விறைக்கலாம், சிடுசிடுப்பு வரலாம், கூடினால் உடனே வாருங்கள், தன்பாட்டில் மட்டும் நிற்பாட்டக் கூடாது என்று கிளினிக் கொப்பியில் எழுதியும் தந்தார். சிடுசிடுப்பு என்ற சொல்லை வாசித்தபோது அவள் உதடு ஒரு பக்கமாக இழுபட்டது. அது தனக்கு வருவதற்குக் குளிசையின் தயவு தேவையில்லை என்று நினைத்தாள்.

எழுபத்தைந்துக்கு இறங்கிய முதல் ஐந்து நாள் கொஞ்சம் தலை சுற்றியது. செத்துப்போன ஆட்களெல்லாம் கனவில் வந்து நண்டு விலை கேட்டார்கள். ஆறாம் நாள் எல்லாம் அடங்கியது. அடங்கியதுதான் பிழையாகப் போயிற்று. இவ்வளவுதானா, இதற்கா இந்த எழுத்தும் வெருட்டும், டொக்டர்மாருக்கு ஆட்களைத் திருப்பித் திருப்பி வரப்பண்ண வேண்டும், வேறென்ன என்று அவள் முடிவுகட்டினாள். மருத்துவத்தையும் அவள் அமத்திப் பார்த்துத் தண்ணி என்று கழித்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தவக்காலம் வந்தது.

இந்தக் கரையில் தவக்காலத்தைப் பார்க்க வேண்டும். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டதும் ஆளாளுக்குத் தான் எதை ஒறுக்கப் போகிறேன் என்று அறிவிக்கத் தொடங்கிவிடுவார்கள். செபநாயகம் நாற்பது நாளைக்கு இறைச்சி தொடமாட்டாராம். இறாலும் கணவாயும் நண்டுக்குழம்பும் மூன்று வேளையும் ஓடுகிற வீட்டில் இருந்துகொண்டு சொல்கிறார். மரியரட்ணம் சாராயத்தை விட்டார், ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவக்காலக் கணக்கில் சேராது என்று எங்கோ விசாரித்து வைத்திருந்தார். பக்கத்து வளவு ஜெனிற்றா தொலைக்காட்சி நாடகம் பார்ப்பதை விட்டாள். ரீவியை முன்னறையில் போட்டுவிட்டுக் குசினியில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டாள். ஆண்டவர் இவர்களுடைய பரித்தியாகங்களை எங்கே கொண்டுபோய் வைப்பார் என்று எனக்குத் தெரியாது.

மார்கிரட் இதையெல்லாம் பத்தொன்பது தவக்காலமாக மேசைக்குப் பின்னால் இருந்து கேட்டு வெறுத்தவள். அன்றைக்குப் பிரசங்கத்தில் சுவாமியார் சொன்னார்: எது இல்லாமல் இருக்கலாமோ அதை விடுவது ஒறுத்தல் அல்ல, எது இல்லாமல் இருக்க முடியாதோ அதை விடுங்கள். எல்லாரும் தலையாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் நண்டு தின்றார்கள். மார்கிரட் மட்டும் அதைச் சொன்னபடியே எடுத்தாள். தனக்கு எது இல்லாமல் இருக்க முடியாது என்று யோசித்தாள். வீட்டுக்குப் போனாள், குளிசை அட்டைகளை எடுத்தாள், மாதா சுரூபத்தின் காலடியில் வைத்தாள். இவர்கள் ஒருவராலும் செய்ய முடியாத ஒறுத்தலைத் தான் செய்கிறேன் என்று அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பக்தி என்று அவள் நினைத்துக்கொண்டாள். என்னைக் கேட்டால் அது சுத்தத் திமிர். மற்றவர்களை இகழ்வதற்குக்கூட ஒரு அளவு வேண்டும், அவளுக்கு அது இருக்கவில்லை.

சனிக்கிழமை உடம்பு காட்டத் தொடங்கியது. கண்ணை ஒரு பக்கம் திருப்பினால் தலைக்குள் சுர் என்று கரண்ட் அடித்தது. ஒருதரம் இல்லை, ஒரு காலைக்குள் முப்பது தரம். நிலம் வள்ளத்தின் அடித்தட்டு மாதிரி ஆடியது. வாயில் உமிழ்நீர் ஊறிக்கொண்டே இருந்தது. ஜெனிற்றாவின் நாய் நொண்டிக்கொண்டு போவதைப் பார்த்துக் கண்ணீர் விட்டாள், பிறகு நாய்க்காக அழுததற்காகத் தன்னையே ஏசினாள். இரண்டு கைப் பெருவிரல்களிலும் குத்துக் குத்தாக இருந்தது, சப்பாணி கட்டி நெடுநேரம் இருந்து எழும்பினால் கால் விறைத்துக் குத்துமே, அந்த மாதிரி.

கிளினிக் கொப்பியில் இத்தனையும் எழுதியிருந்தது. கொப்பி அலுமாரிக்குள் இருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை. நோகிறது என்றால் ஒறுத்தல் சரியாகப் போகிறது என்று அர்த்தம் பண்ணினாள். நோக நோக அவளுக்குப் பெருமை கூடியது. இறைச்சியை விட்ட செபநாயகத்துக்குத் தலையில் கரண்ட் அடிக்கிறதா?

அடுத்த திங்கட்கிழமை அந்த விரல்களோடுதான் மேசைக்கு வந்தாள். அன்று அவள் தொட்ட நண்டெல்லாம் அமுங்கியது. ஓடு எங்கே முடிகிறது, தன் விரல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியவில்லை. குமட்டலில் எல்லாமே நாறியது. கூடை கூடையாகக் கழித்தாள். நண்டுக்காரர் சண்டைக்கு வந்தார்கள். செபநாயகத்தின் ஆட்கள் மேசையில் அடித்துக் கத்தினார்கள். அப்போது மார்கிரட் உதட்டை இழுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்து நண்டு அடுக்குகிற தனுசியாவிடம் எதற்கும் திருப்பி ஒருக்கால் பார் என்று தள்ளிவிட்டாள். தனுசியா பார்த்து முக்கால்வாசியை ஐஸ் பெட்டியில் போட்டாள். கத்துகிறவனுக்கு இந்த உலகத்தில் எப்போதும் இரண்டாம் முறை உண்டு.

கத்தாதவன் ஒருவன் இருந்தான். அவன் கொலின்ஸ். முப்பது வயது, கடன்பட்டு வாங்கிய சின்ன வள்ளம், பெண்சாதி கிறிஸ்ரினா, ஒரு கைப்பிள்ளை. அவன் கடலுக்குப் போவான், விடிய வந்ததும் கிறிஸ்ரினா கரையில் குந்தியிருந்து வலையிலிருந்து நண்டு கழற்றுவாள். வேறு ஆள் கிடையாது. மார்கிரட் கழித்தால் அது கழிசல்தான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். அவனுடைய கூடையில் பாதியைத் தூக்கிக் கழிவுப் பெட்டியில் போட்டாள் மார்கிரட். அவன் தன் நண்டைத்தான் குனிந்து பார்த்தான். செவ்வாயும் அப்படி. புதன்கிழமை மார்கிரட் அவனுடைய கூடையை முகர்ந்து பார்த்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறந்தாள்.

"நேற்றையதைக் கலந்திருக்கிறியள்," என்றாள்.

இந்தக் கரையில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. தண்ணி நண்டு கடலின் பிழை, பழைய நண்டு மனிதரின் பிழை. அவள் சொன்னதைக் கூடையோடு நின்ற பத்துப் பேர் கேட்டார்கள். மரியரட்ணம் கொலின்ஸைத் தனியே கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு இந்த வாடிப் பக்கம் வரவேண்டாம் என்றார். மற்ற வாடிக்காரரும் மரியரட்ணத்தின் சொல்லைக் கேட்டு முகத்தைத் திருப்பினார்கள். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் பன்னிரண்டாம் தலத்துக்கும் பதின்மூன்றாம் தலத்துக்கும் இடையில் கொலின்ஸின் கதை கோயில் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. நாற்பது நாளைக்குப் புறணி பேசுவதை ஒறுக்க அந்தக் கோயிலில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கொலின்ஸ் தான் கலக்கவில்லை என்று அறிவான். கழற்றியது கிறிஸ்ரினா. மார்கிரட்டக்கா பிழை விடமாட்டா. அப்படியென்றால் மிச்சம் யார்? முதல்நாள் மிஞ்சியதை வீணாக்காமல் போட்டுவிட்டாளாக்கும் என்று முடிவு பண்ணி வீட்டில் போய்க் குதித்தான். அவள் பிள்ளையின் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினாள். அவன் நம்பவில்லை. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குருநகரில் இருக்கிற தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மார்கிரட்டுக்கு இந்தக் கதையும் வந்தது. கள்ளத்தனம் பண்ணினால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, தலைக்குள் கரண்ட் அடிக்க அடிக்க வீடு கூட்டினாள்.

சனிக்கிழமை வாடியில் மேசை கழுவிக்கொண்டிருக்கையில் தனுசியா கதையோடு கதையாக ஒன்று சொன்னாள். தனுசியா அரியாலைப் பக்கத்துச் சைவக்காரி, இரண்டு பிள்ளைகளின் தாய், விகற்பம் இல்லாத மனுசி. கழிவுப் பெட்டியில் கறிக்கு ஆகக்கூடியதை வேலை செய்கிற பெண்கள் பொறுக்கிக்கொண்டு போவது வழமை.

"அக்கா, புதன்கிழமை நீங்கள் கழிச்ச கொலின்ஸின்ரை நண்டைத்தான் நாங்கள் கொண்டுபோய்க் காய்ச்சினது. என்ன சதை எண்டுறியள்! காலுக்குள்ளையும் சதை. உங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு, எங்களுக்கு விளங்கேல்லை."

மார்கிரட் கழுவுவதை நிறுத்தினாள். பழசாக இருக்கவில்லையா என்று கேட்டாள். பழசோ, அது உயிர் நண்டு மாதிரி இருந்தது என்றாள் தனுசியா. அப்போதும் அவளுக்குச் சந்தேகம் நண்டில்தான் இருந்தது, மார்கிரட்டில் இல்லை. பத்தொன்பது வருட நம்பிக்கை அப்படி. நாக்குச் சொன்னதைவிட மார்கிரட்டின் உதடு சொன்னதைத்தான் அந்தப் பெண்ணும் நம்பினாள்.

அன்று தான் கழித்துவிட்ட பெட்டியிலிருந்து மார்கிரட் ஐந்து நண்டை எடுத்தாள். ஒவ்வொன்றாக ஓட்டைப் பிளந்தாள். ஐந்திலும் வெள்ளை வெளேரென்று சதை. ஆறாவதையும் பிளந்தாள். பயந்துபோனாள் என்று வெளிப்படையாகச் சொல்லலாம். கடல் பொய் சொல்லவில்லை, கொலின்ஸ் பொய் சொல்லவில்லை, அந்தக் கைப்பிள்ளைக்காரி பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது இந்த இரண்டு பெருவிரல்கள்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்தாள். கை விறைக்கலாம் என்று டொக்டரின் கோணல் எழுத்தில் இருந்தது. கண்ணாடி போடாமலே வாசிக்கக்கூடிய அளவுக்குப் பெரிதாகத்தான் எழுதியிருந்தார்.

திங்கட்கிழமை கிளினிக்கில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஏச்சு விழும் என்று எதிர்பார்த்துத்தான் போனாள், ஏசினால் திருப்பிச் சொல்ல இரண்டு வார்த்தையும் வைத்திருந்தாள். அவர் ஏசவில்லை. எத்தனை நாள், எந்தெந்த விரல், தலையில் கரண்ட் எத்தனை தரம், செத்துப்போக வேண்டும் என்ற நினைவு ஏதும் வந்ததா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றாள். எழுபத்தைந்தில் திருப்பித் தொடங்கச் சொன்னார். சில நாளில் தலையும் விரலும் ஒழுங்காகும், பிறகு முன்னதைவிட மெதுவாகக் குறைப்போம் என்றார். நண்டு தெரிவு செய்கிற வேலை என்று முதலே சொல்லியிருந்தால் விரலைப் பற்றி நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருப்பேன் என்றும் சொன்னார். ஒரு வருடமாக அவர் தொழில் என்ன என்று கேட்கும்போதெல்லாம் அவள் வீட்டு வேலை என்று சொல்லி வந்தவள். அந்த மீசை முளைக்காத ஆளுக்கு முன்னால் முதல்முறையாக அவளுக்குத் தலை குனிந்தது.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகவில்லை. கதிரையில் இருந்து யோசித்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு கிழமையில் கொலின்ஸின் கூடையைத் திருப்பி எடுக்கச் சொல்லலாம், பெரிய மனது பண்ணினாள் என்று பெயரும் கிடைக்கும். ஆனால் கள்ளன் என்ற பெயர் அவனோடு இருக்கும், கள்ளி என்ற பெயர் கிறிஸ்ரினாவோடு இருக்கும். சொன்னால் தன் சொல் போகும். விசர்க் கிளினிக்குக்குப் போகிறவளின் விரலை யார் நம்புவார்கள்? மாதா சுரூபத்தைப் பார்த்தாள். காலடியில் குளிசை அட்டை இல்லை, வெறும் தூசிதான் கிடந்தது. சொல்லிவிடுவதுதான் உண்மையான ஒறுத்தல் என்று அவளுக்குத் தோன்றியதாம். உடனே அந்த நினைப்பிலும் பழைய திமிரின் வாடை அடித்ததால் அதைத் தள்ளிவிட்டாள்.

புதன்கிழமை காலை கூடைகள் எல்லாம் வந்து வரிசையாக நின்ற பிறகு அவள் மேசைக்கு முன்பக்கம் வந்து நின்றாள். பத்தொன்பது வருடத்தில் அவளை அந்தப் பக்கத்தில் ஒருவரும் கண்டதில்லை.

"கொலின்ஸின்ரை நண்டிலை பிழை இல்லை," என்றாள். "கிறிஸ்ரினாவும் ஒண்டும் கலக்கேல்லை. பிழை என்ரை விரலிலை. நான் மன வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறனான். தவக்காலத்துக்கெண்டு ஒருத்தரையும் கேளாமல் நிப்பாட்டினன். அதாலை விரல் விறைச்சுப் போச்சு, மணமும் பிடிபடேல்லை. நான் கழிச்சது நல்ல நண்டு."

கொலின்ஸ் அங்கே இல்லை. இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இருந்தது சந்தோசம். இவளுக்கும் ஒரு பிழை இருக்கிறது என்ற சந்தோசம். செபநாயகம் வெள்ளைச் சேட்டின் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"அப்ப மாரிக்குள்ளை என்ரை ரெண்டு கூடையைக் கழிச்சனீர் பிள்ளை, அதுவும் உந்தக் குளிசைதானோ?"

"அது தண்ணி நண்டு, செபநாயகம் அண்ணை. அப்ப நான் குளிசை ஒழுங்காப் போட்டனான்."

சிரித்தார்கள், ஆனால் அதோடு விடவில்லை. ஒருவன் போன வருடத்துக் கூடையைக் கொண்டுவந்தான், இன்னொருவன் ஐந்து வருடத்துக்கு முந்திய கூடையைக் கொண்டுவந்தான். குளிசையையே கண்டிராத காலத்தில் கழித்த நண்டெல்லாம் குளிசையின் பெயரில் உயிர்த்தெழுந்தது. கடலில் அன்றுவரை தண்ணி நண்டு என்று ஒன்று இருந்ததே இல்லை என்றாகிவிட்டது. கடைசியில் மரியரட்ணம் கையை உயர்த்தி, இனிமேல் மார்கிரட் கழிக்கிறதைத் தனுசியா திருப்பி அமத்திப் பார்க்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். மார்கிரட் சரி என்றாள். முகம் மட்டும் எரிந்தது.

பின்னேரம் குருநகருக்குப் போனாள். கிறிஸ்ரினா தாய் வீட்டு வாசலில் பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். இருங்கோ என்று சொல்லவில்லை. மார்கிரட் நின்றபடியே வாடியில் சொன்னதை இன்னொருதரம் சொன்னாள். மன்னித்துக்கொள் என்ற வார்த்தை அவளுக்குப் பழக்கம் இல்லாதபடியால் இரண்டு தரம் பாதியில் நின்று, மூன்றாம் தரம் வந்தது. கிறிஸ்ரினா பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அவர் உங்களை நம்பினபடியாத்தானே அக்கா என்னை நம்பேல்லை," என்றாள். "இப்ப நீங்கள் பிழை எண்டு சொல்லிப்போட்டியள். இனி என்னைக் கூப்பிட வருவார். அப்பவும் உங்களைத்தான் நம்பி வருவார்."

மார்கிரட் வந்த வழியே திரும்பி நடந்தாள். பஸ்ஸில் வரும்போது சாளரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குளிசை விட்டதால் வந்த அழுகையா, சொந்த அழுகையா என்று அவளுக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அழ வேண்டிய காரியம்தான்.

கிறிஸ்ரினா சொன்னபடியே நடந்தது. கொலின்ஸ் அடுத்தநாளே போய்க் கூப்பிட்டான், அவள் ஒரு கிழமை இழுத்தடித்துவிட்டு வந்தாள். மார்கிரட்டின் தலைக்குள் கரண்ட் அடிப்பது நாலைந்து நாளில் குறைந்தது. விரல் குத்துவது அதற்குப் பிறகு போனது. ஒரு காலை நண்டை எடுத்து அமத்தியபோது ஓட்டின் இறுக்கம் பழையபடி எலும்புவரை தெரிந்தது. அவள் அதை யாருக்கும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்பாரில்லை. அவள் ஒன்றைக் கழித்தால் அதன் பிறகு நண்டுக்காரன் அவளைப் பார்க்கவில்லை, தனுசியாவைப் பார்த்தான். தனுசியா ஒவ்வொருதரமும் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு அமத்தினாள், ஒவ்வொருதரமும் மார்கிரட் சரியாகத்தான் இருந்தாள், அதையும் ஒருவரும் கவனிக்கவில்லை. குளிசை போட்டாச்சோ என்று விசாரிப்பது காலை வணக்கம் மாதிரி ஆகிவிட்டது. ஓம் போட்டாச்சு, நீங்கள் சாராயத்தை விட்டாச்சோ என்று ஒருநாள் மரியரட்ணத்திடம் திருப்பிக் கேட்டாள்.

குருத்தோலை ஞாயிறுக்கு முதல் கிழமை கொலின்ஸின் கூடை திரும்பவும் வாடிக்கு வந்தது. ஒரு காதைக் கொலின்ஸும் மறு காதைக் கிறிஸ்ரினாவும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கிறிஸ்ரினாவின் விரல்களில் வலை அறுத்த கீறல் இன்னும் ஈரமாக இருந்தது. அவள் கூடையை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வாடியில் இருந்தவர்கள் கிட்ட வந்து நின்றார்கள். எல்லாருக்கும் பார்க்க ஆசை.

மார்கிரட் ஒவ்வொன்றாக அமத்தி ஐஸ் பெட்டியில் போட்டாள். முதல் இருபதும் நல்ல நண்டு. அடுத்தது ஒன்று பெருவிரலுக்குக் கீழே மெல்ல அமுங்கியது. சந்தேகம் இல்லை, தண்ணி. ஒருகணம் அதை மற்றவற்றோடு போட்டுவிடலாமா என்று அவளுக்கு இருந்தது. ஒரு நண்டுதானே. போடவில்லை. கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இது தண்ணி," என்றாள்.

தனுசியா கையை நீட்டினாள். கொலின்ஸ் அவளைத் தடுத்தான். நல்ல பிள்ளை, மனதில் ஒன்றும் வைக்காதவன், தான் எதைச் செய்கிறேன் என்று அறியாதவன்.

"திருப்பிப் பாக்கத் தேவையில்லை," என்றான். "அக்கா சொன்னால் காணும், அது போதும்."

கிறிஸ்ரினா அவனைப் பார்க்கவில்லை. கூடையைத்தான் பார்த்தாள். மூன்று கிழமைக்கு முதல் இதே நம்பிக்கைதான் அவளை வீட்டைவிட்டு அனுப்பியது.

"காணாது," என்றாள் மார்கிரட். நண்டை அவனிடமும் கொடுக்கவில்லை, தனுசியாவிடமும் கொடுக்கவில்லை. மேசைக்கு மேலால் கிறிஸ்ரினாவிடம் நீட்டினாள். "கழட்டினவள் நீ. நீ அமத்திப் பார்த்துச் சொல்லு."

கிறிஸ்ரினா கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். நண்டை வாங்கிப் புரட்டினாள், இரண்டு பெருவிரல்களாலும் ஒருதரம் அமத்தினாள், அவசரப்படாமல் இன்னொருதரம் அமத்தினாள். பிறகு தானே அதைக் கழிவுப் பெட்டியில் போட்டாள்.